ஏஜண்ட் இல்லாமல் எடுத்த பெட்டி

லண்டனிலிருந்து வந்த டென்னிஸ் பெட்டியை ஏஜண்ட் யாரும் இல்லாமல் நாமே கொழும்புக்குப் போய் எடுத்துவிடலாம் என்ற யோசனை யாருடையது என்று பிற்பாடு கண்டிப் பட்டணத்துக் கட்டுக்கலையில் விசாரித்தபோது, ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள். யோசனை சோதிலிங்கத்தினுடையதுதான். சங்கக் கூட்டத்தில், வாய்ப்பனும் தேத்தண்ணியும் முடிந்து எல்லோருக்கும் கொட்டாவி வரத் தொடங்கிய நேரத்தில், எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு அவரே சொன்னார்.

சோதிலிங்கம், அரசாங்க அலுவலகமான கண்டிக் கச்சேரியில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள் சேர்ந்து நடத்திய டென்னிஸ் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போகம்பரைப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு செம்மண் தரை, சில வெள்ளைக் காற்சட்டைகள், கோழி புகுந்து போகிற ஓட்டையோடு ஒரு வலை. தலைவர் பிறக்கிறாசி விவேகானந்தன் அந்த ஓட்டைக்குள்ளால் போன பந்தையும் தமக்குக் கிடைத்த புள்ளியாகவே எண்ணிக்கொள்வார். கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிறாசியோடு யார் போய் வழக்காடுவது? அந்தச் சங்கடம் தாங்காமல்தான் புது வலை, புது மட்டைகள், பந்துகள், மட்டை பின்னுகிற இழை எல்லாவற்றையும் நேரே லண்டன் கம்பனிக்கு எழுதி வரவழைத்திருந்தார்கள். உத்தியோகத்தர் சம்பளத்தில் வெட்டு விழுந்த வருஷம் அது. வெட்டு விழுந்த பிறகு கைக்காசைப் போட்டு லண்டனிலிருந்து விளையாட்டுச் சாமான் இறக்கியவர்களுக்கு, அதை எடுத்துத் தருகிற ஏஜண்டுக்குக் கொடுக்கிற கொமிசன் மட்டும் கண்ணைக் குத்தியது.

"கஸ்டம்ஸ் எண்டால் என்ன? அதுவும் ஒரு கந்தோர்தானே," என்றார் சோதிலிங்கம். "அங்கையும் படிவம், இஞ்சையும் படிவம். நான் படிவம் நிரப்பியே நரைச்சவன். அதோட அருணகிரி இருக்கிறார். எங்கட ஊராள். கஸ்டம்ஸ் பெரிய மண்டபத்திலைதான் அவருக்கு மேசை."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு கூட்டம் முடிந்துவிட்டது. ஒரு கந்தோருக்குள் ஊராள் ஒருவர் இருக்கிறார் என்றால் அந்தக் கந்தோர் பாதி தங்களுடையது என்று நினைக்கிற சாதியல்லவா. விவேகானந்தன் எழுந்து சோதிலிங்கத்தின் முதுகில் தட்டினார். தட்டுவதற்கு ஏஜண்ட் எவரும் கொமிசன் கேட்பதில்லை.

வீட்டில் லீலாதேவி முதுகில் தட்டவில்லை. உலையை இறக்கிவைத்துவிட்டு, "லீவை என்ன செய்யப்போறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஊரில், அளவெட்டியில், அவளுடைய தங்கை சரோஜினிதேவிக்குக் கலியாணம் பேசி முடிந்து நாளும் வைத்தாயிற்று. அந்த வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது, பெண்ணின் அண்ணன் தம்பி நிலையில் நின்று கால் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வரப்போவது மூத்த மருமகன் சோதிலிங்கம்தான் என்று மாமனார் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதற்காகவே சோதிலிங்கம் அந்த வருஷம் காய்ச்சல் வந்தபோதுகூட லீவு போடாமல், கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு கச்சேரிக்குப் போய் இருமினார்.

"ஒரு நாள் அலுவல்," என்றார் இப்போது. "காலமை ரயிலிலை போனால் பொழுதுபட வந்திடுவன்."

"கலியாணத்துக்கு லீவு இல்லாமல் போனால் ஆர் தருவினம்? உந்தப் பெட்டியோ?"

"அருணகிரி இருக்கிறாரப்பா."

"அருணகிரி அண்ணை உங்களுக்கு ஊராள். பெட்டிக்கோ ஊராள்?"

இப்படியான கேள்விகள் வந்தால் சோதிலிங்கம் சப்பாத்துக்கு நூல் வாங்கப் போவது வழக்கம்.

நூல் வாங்குகிற இடம் கொழும்பு வீதியில் ஹபீல் நானாவின் கடை. குடை, சப்பாத்து, கைத்தடி, பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காற்பந்து எல்லாம் அங்கே கிடைக்கும். மடவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கடை திறக்கிற நானா, பொழுதுபட பஸ் ஏறும்போது கண்டிப் பட்டணத்தின் அன்றைய செய்தியை ஒன்றும் சிந்தாமல் ஊருக்குக் கொண்டுபோவார். இந்தச் செய்தி அவருக்கு முதலே வந்திருந்தது.

"பெட்டி வந்திட்டாமே ஐயா?"

"ஆர் சொன்னது?"

"யாரு செல்லல்ல? எங்கட மச்சான் பளீல் கொழும்புல இதே வேலையாத்தான் ஈக்கிறான். கடதாசிய அவன்ட குடுத்திட்டு நீங்க பேசாம கச்சேரிக்குப் போங்க. சாமான் ரயில்ல வந்து சேரும்."

"கொமிசன் கேப்பாரே."

"கேப்பான்தான். நீங்க கச்சேரில சும்மாவா எழுதுறீங்க? சம்பளம் வாங்குறீங்கதானே?"

"அதுக்கில்லை நானா. தெரிஞ்ச வேலையை ஏன் பிறத்தியாளிட்டைக் குடுப்பான் எண்டுதான்."

"ஆ, தெரிஞ்ச வேலை!" என்றார் நானா. நூலைச் சுற்றிக் கொடுத்தார். அவர் பேசாமல் இருந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

காலை ரயிலில் சோதிலிங்கம் கொழும்புக்குப் போனார். கோட்டு, கழுத்துப் பட்டி, குடை, மடியில் லீலாதேவி கட்டிக் கொடுத்த இடியப்பப் பொட்டலம். சுங்கத்துப் பெரிய மண்டபம் அவர் நினைத்ததுபோல் ஒரு கந்தோராக இல்லை. சந்தையாக இருந்தது. நீளமான மேசைகளுக்கு முன்னால் ஏஜண்டுகளின் ஆட்கள் காதில் பென்சிலும் கையில் கடதாசிக் கட்டுமாக, கோயில் வீதியில் காவடி ஆடுகிறவர்களைப்போல ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். சோதிலிங்கம் வரிசை எங்கே தொடங்குகிறது என்று தேடினார். அங்கே வரிசை என்று எதுவும் இருக்கவில்லை.

அருணகிரி கண்டதும் எழுந்து வந்தார். மெலிந்த மனிதர், வாயைத் திறந்து சிரிக்காதவர். லீலாதேவிக்குத் தூரத்து உறவில் அண்ணன் முறை.

"எப்ப வந்தனீர்? லீலா சுகமோ? கலியாண அலுவல் எல்லாம் எந்த மட்டிலை?"

"எல்லாம் நடக்குது. இந்தப் பெட்டி விஷயமா..."

அருணகிரி ஓரடி பின்னால் போனார். "அதை நான் தொட ஏலாது. ஊராள், அதிலும் சொந்தம். இஞ்சை சுவருக்கும் கண் இருக்கு."

"தொட வேண்டாம். வழியைக் காட்டினால் போதும்."

"வழியோ? அந்தா," என்று சனக்கூட்டத்தைக் காட்டிவிட்டு அருணகிரி தம் மேசைக்குப் போய்விட்டார்.

அந்த நாள் முழுவதும் சோதிலிங்கம் நடந்தார். இந்த மேசையில், கப்பல் கம்பனியின் கடதாசி இல்லாமல் ஒன்றும் ஆகாது என்றார்கள். கப்பல் கம்பனிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்து இடியப்பத்தைத் தின்றார். கடதாசியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது மண்டபத்தில் மேசைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. கச்சேரியில் பின்னேரம் வந்து நிற்கிற கிராமத்துச் சனத்திடம் அவரும் அதைத்தான் சொல்வார்: நாளைக்கு வாருங்கோ.

ஒரு நாள் அலுவல் அப்படியாக இரண்டாம் நாளுக்குப் போயிற்று. கலியாணத்துக்கு முன்கூட்டியே போய்ப் பந்தல்கால் நடுகிற வேலையில் நிற்கலாம் என்று இருந்தவர், அதை விட்டுவிட்டு, கலியாணத்துக்கு முதல்நாள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வீட்டில் சொன்னார். லீலாதேவி கேட்டுக்கொண்டு முருங்கைக்காய் நறுக்கினாள்.

அடுத்த பயணத்தில் படிவம் கையில் வந்தது. அதைக் கண்டதும் சோதிலிங்கத்துக்கு உடம்பில் தெம்பு ஏறியது. அவருடைய ஆங்கில எழுத்து கண்டிக் கச்சேரியில் பேர்போனது. வலை, பந்து, மட்டை எல்லாம் கொடிபோல வளைந்து வளைந்து இறங்கின. பிறகு இழை வந்தது. இழை என்ன சாமானால் ஆனது என்று ஒரு கட்டம் கேட்டது.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். டென்னிஸ் மட்டை பின்னுகிற நல்ல இழை ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்வது. இது சோதிலிங்கத்துக்குத் தெரியும். லண்டன் கம்பனியின் விலைப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அவர்தான் வாசித்தார். சங்கத்தில் மற்றவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை விரதத்தோடு மாலையில் வந்து விளையாடுகிற அத்தனை சைவர்களில் ஒருவர்கூட, கையில் இழுத்துக் கட்டியிருப்பது என்ன என்று வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் விரதம் பிழையில்லை. இப்போது இந்தக் கட்டம் கேட்கிறது. அதுவும் கீழே கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறது.

எழுதியிருப்பார். பேனாவை மையில் தோய்த்தும் விட்டார். அந்தச் சமயத்தில் அருணகிரி ஏதோ அலுவலாக அந்தப் பக்கம் வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"அடடா, என்ன வடிவான எழுத்து," என்றார்.

சோதிலிங்கத்தின் கண்ணுக்கு முன்னால் மாமனார் வந்து நின்றார். முட்டை உடைத்த வீட்டில் தண்ணீர் குடிக்காதவர். கோயில் தருமகர்த்தா. அருணகிரி கலியாணத்துக்கு ஊருக்குப் போவார். பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். போடும்போது, மாப்பிள்ளையை அழைத்து வருகிற மூத்த மருமகன் கப்பலில் ஆட்டுக்குடல் இறக்கி, கையெழுத்தும் போட்டு எடுத்த கதை வெற்றிலையோடு வெளியே வரும். அந்தக் கையால் மாலையா?

"இழை என்ன சாமான்?" என்றார் அருணகிரி, சும்மா பேச்சுக்கு.

"பருத்தி," என்றார் சோதிலிங்கம். சொன்னதை எழுதினார். பருத்தி நூல். எழுத்து முன்னையதைவிட இன்னும் வடிவாக விழுந்தது.

எந்த ஊராளை நம்பி ஏஜண்ட் வேண்டாம் என்றாரோ, அந்த ஊராள் பின்னால் நின்றதாலேயே மெய்யை எழுத முடியாமல் போயிற்று. இதை அவர் அன்றே, மண்டபத்துப் படியிறங்கும்போதே யோசித்தார். யோசித்துவிட்டு, பெட்டியை உடைத்து இழையையா பார்க்கப்போகிறார்கள் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

பெட்டியை உடைத்து இழையைத்தான் பார்த்தார்கள்.

அது மூன்றாம் பயணம். சோதனைக் கூடத்தில் தார், மிளகாய், ஈரச் சாக்கு எல்லாம் கலந்த ஒரு நெடி. பறங்கி உத்தியோகத்தர் ஒருவர், வெயிலில் சிவந்த கழுத்தோடு, பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கச் சொன்னார். வலையை உதறினார். பந்தைத் தரையில் ஒருமுறை குத்திப் பார்த்தார். மட்டையை எடுத்துச் சும்மா வீசினார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு கண்ணாடிபோல மினுங்கிய இழைச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பருத்தியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பருத்தி, ஐயா."

உத்தியோகத்தர் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்து இழையின் நுனியில் வைத்தார். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வந்திருக்கும். இது சுருங்கிப் பொரிந்தது. ஒரு நொடியில் கூடம் முழுக்க இறைச்சி கருகுகிற நாற்றம் எழுந்தது. மூட்டை தூக்குகிறவன் ஒருவன் திரும்பிப் பார்த்து, யார் சமைக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். கூடத்துக்கு ஏதோ கட்டோடு வந்திருந்த அருணகிரி நெடி மூக்கில் ஏற நின்றார். சோதிலிங்கத்தைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார்.

"நீர் அரசாங்க உத்தியோகத்தரா?" என்றார் பறங்கி உத்தியோகத்தர், குச்சியை ஊதி அணைத்துக்கொண்டே.

"கண்டிக் கச்சேரி, ஐயா."

"அப்படியானால் நீர் நன்றாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறீர். பெட்டி இங்கே கிடக்கட்டும். மேலதிகாரி நாள் குறித்து எழுதுவார். நேரில் வந்து விளக்கம் சொல்லும். வராவிட்டால் விஷயம் உம்முடைய கச்சேரிக்குப் போகும்."

திரும்பி வந்த ரயில் றம்புக்கனையில் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறியது. வழக்கமாக அந்த இடத்தில் தலையை வெளியே நீட்டிப் பள்ளத்தைப் பார்க்கிறவர் அன்று பார்க்கவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு, விரல்களை ஒன்றொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிழமை கச்சேரியில் எழுதினால்கூட இவ்வளவு களைக்காது என்று தோன்றியது. உடம்பு களைக்கவில்லை. அந்தப் பருத்தியைச் சுமந்ததுதான் களைப்பு.

லீலாதேவிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோட்டில் அந்த நெடி ஒட்டியிருந்தது. அவள் கோட்டை முகர்ந்து பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், மாமனாரை நினைத்ததையும் சேர்த்து.

அவள் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "எங்கட கோயில் தவிலுக்கு என்ன தோல் போர்த்திருக்கினம்?" என்று கேட்டாள்.

"அது... ஆட்டுத்தோல்தான்."

"ஐயா அந்தத் தவிலுக்கு முன்னாலைதான் நாப்பது வருஷமா நிண்டு கும்பிடுறார். ஒருநாளும் தலை முழுகினதை நான் காணேல்லை. குடல் எண்டு எழுதியிருந்தால் ஐயா என்ன, கலியாணத்தை நிப்பாட்டியிருப்பாரோ?"

"எனக்கு அந்த நேரம் யோசினை வரேல்லை."

"உங்களுக்கு எப்பதான் நேரத்துக்கு வந்தது," என்று சொல்லிக் கோட்டைக் கொண்டுபோய் வெளியே கொடியில் போட்டாள்.

கடிதம் வந்தது. நேரில் வரச் சொல்லிக் குறித்திருந்த நாளும் சரோஜினிதேவியின் முகூர்த்த நாளும் ஒன்று.

சோதிலிங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹபீல் நானாவின் கடைக்குப் போனார். இந்த முறை நூல் கேட்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நானா முழுவதையும் கேட்டார். நடுவில் குடை வாங்க வந்த ஒருவரை, பிறகு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"பெட்டிய பளீல் எடுப்பான் ஐயா. இப்பவும் எடுப்பான். ஆனா நீங்க எழுதின பருத்திய அவன் தின்ன ஏலாது. அது உங்கட வாய்லதான் வந்திச்சு. நீங்கதான் போகணும்."

"நாளை மாத்தித் தரச் சொல்லி எழுதினால்?"

"எழுதலாம். ஏன்டு காரணம் கேப்பாங்க. கச்சேரிக்கும் ஒரு கடதாசி போகும். போனா ஒங்கட பெரிய தொரை வாசிப்பாரு." நானா தலையைச் சொறிந்தார். "இதுக்குத்தான் ஐயா ஏஜண்ட்டுண்டு ஒருத்தன வெச்சிக்கிற. அவன் குடலுண்டும் எழுதுவான், குப்பையிண்டும் எழுதுவான். அந்தக் கைக்கு ஊரும் இல்ல, மாமனாரும் இல்ல."

"நீங்கள் அண்டைக்கு இதைச் சொல்லேல்லையே நானா."

"நீங்க அன்டைக்குத் தெரிஞ்ச வேலையிண்டு செல்லிட்டீங்களே. நான் என்னத்த செல்ற?"

கச்சேரியில் பெரிய கிளாக்கர் லீவுக் கணக்கைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் சோதிலிங்கத்தைப் பார்த்தார். கொழும்புக்குப் போகிற அந்த ஒரு நாள் தரலாம், அதற்குப் பிறகு செத்தவீடு என்றாலும் வரக்கூடாது என்றார். அவர் கெட்டவரில்லை. ஏன் போகிறார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பொய் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த சோதிலிங்கத்துக்கு, கேட்காமல் விட்டதில் அழுகைகூட வந்துவிட்டது.

மாமனாருக்குத் தந்தி போயிற்று: கந்தோர் அலுவல், வர ஏலாது. மறுதந்தி நீளமில்லை. அருணகிரியை நிற்கச் சொல்லியிருக்கிறேன் என்றது.

கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை, கச்சேரி அரைநாளோடு முடிந்ததும், சோதிலிங்கம் லீலாதேவியைக் கூட்டிக்கொண்டு பொல்காவலைக்குப் போனார். கொழும்பிலிருந்து வடக்கே போகிற ரயில் அங்கேதான் கண்டிப் பாதையைச் சந்திக்கும். அந்த ரயிலில் அருணகிரி வருகிறார். லீலாதேவியை அவரோடு ஏற்றிவிட வேண்டும். டிரங்குப் பெட்டி, பலகாரக் கூடை, தங்கைக்கு வாங்கிய பட்டுச் சேலை சுற்றிய பொதி எல்லாவற்றையும் மேடையில் அடுக்கிவிட்டு இருவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தகரக் கூரையில் ஏறிச் சுட்டது. எதிரே வடை விற்கிறவன் போவதும் வருவதுமாக இருந்தான்.

"வடை வேணுமோ?" என்றார் அவர்.

"வேண்டாம்."

"ஐயாவுக்கு என்ன சொல்லப்போறீர்?"

"தந்தியிலை சொன்னதைத்தான். நானும் இனி ஒரு பருத்தி சொல்லத்தானே வேணும்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. அருணகிரி வேட்டி சால்வையோடு, முகம் சவரம் செய்து மினுங்க, கதவைத் திறந்து இறங்கினார். கந்தோர் மேசைக்குப் பின்னால் பார்த்த ஆள் இல்லை. லீவில் போகிற மனிதனுக்கு உரிய மெதுவான நடை. டிரங்குப் பெட்டியைத் தாமே தூக்கி உள்ளே வைத்தார்.

சோதிலிங்கம் அவரை ஒருபக்கம் கூப்பிட்டார். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"அருணகிரி, அந்த விஷயம்... ஊரிலை..."

"எந்த விஷயம்?"

"அண்டைக்குச் சோதனைக் கூடத்திலை கண்டது."

அருணகிரிக்கு முகம் கறுத்தது. "என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? கந்தோருக்குள்ள கண்டதை வெளியிலை சொல்லுறேல்லை எண்டு கையெழுத்து வைச்சல்லோ சம்பளம் எடுக்கிறன். என்ர பெண்சாதிக்கே சொன்னதில்லை, ஊருக்குச் சொல்லுவனோ?"

சோதிலிங்கம் நின்றார்.

"நீர் அண்டைக்குக் குடல் எண்டு எழுதியிருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது," என்றார் அருணகிரி, சற்று இரங்கி. "நான் அந்த எழுத்தைத்தான் பாத்தனான். எழுதினதைப் பாக்கேல்லை."

ரயில் ஊதியது. லீலாதேவி யன்னலோரம் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "மோர் அலுமாரியிலை மூடி வைச்சிருக்கிறன்," என்றாள். "புளிச்சிட்டால் ஊத்திவிடுங்கோ." ரயில் நகர்ந்தது. அருணகிரி அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, பலகாரக் கூடையைக் காலுக்கடியில் வசதியாகத் தள்ளிவைப்பது தெரிந்தது. கலியாணத்துக்குப் போகிற குடும்பம்போல இருந்தது அது. சோதிலிங்கம் மறுபக்கத்து மேடைக்குப் போய்க் கண்டி ரயிலுக்காகக் காத்திருந்தார்.

முகூர்த்த நாள் காலை அவர் கொழும்பில், மேலதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. இந்நேரம் மாப்பிள்ளை புறப்பட்டிருப்பார். இந்நேரம் மேளம் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை முகப்புக்கு வந்திருக்கும். இந்நேரம் வாசலில் செம்பும் தட்டமுமாக... அதற்குமேல் நினைக்காமல் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்தார். மண்டபத்தில், நானா சொல்லிப் பெட்டிக் கடதாசிகளை வாங்கிக்கொண்ட அவருடைய மச்சான் பளீல் காதில் பென்சிலோடு இரண்டு தடவை அவரைக் கடந்து போனான். கட்டையான, வியர்த்துக் கொட்டுகிற மனிதன். "பயப்படாதீங்க ஐயா, வாயத் தொறந்து மெய்யச் செல்லிடுங்க, சாமான நான் பாத்துக்கிறன்," என்று சொல்லிவிட்டு, அவர் மூன்று பயணத்தில் நடந்த மேசைகளையெல்லாம் வெற்றிலை சப்பி முடிப்பதற்குள் நடந்து முடித்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார மேலதிகாரி தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த இழை எதனால் ஆனது?"

சோதிலிங்கம் உதட்டை நனைத்துக்கொண்டார். "ஆட்டுக்குடல், ஐயா."

"கேட்கவில்லை."

"ஆட்டுக்குடல்."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் பேனாவை நிறுத்தி, "இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார்.

"ஆட்டுக்குடல்!" என்றார் சோதிலிங்கம். மண்டபம் வரைக்கும் கேட்டது. வெளியே சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மேலதிகாரி ஒரு சிறு தண்டம் எழுதி, இனிமேல் கவனமாக இரும் என்று சொல்லி, அடுத்த கட்டை இழுத்தார். அறைக்குள் நுழைந்ததும் வெளியே வந்ததும் ஒரு கோப்பித் தண்ணி ஆறுகிற நேரம்கூட இல்லை.

பெட்டி கண்டிக்கு வந்தது. போகம்பரையில் புது வலை கட்டி, புது மட்டைகளை எடுத்து, விவேகானந்தன் விரல் நகத்தால் இழையைச் சுண்டிப் பார்த்து, "கணீரெண்டிருக்கு!" என்று பூரித்துப் போனார். மற்றவர்களும் சுண்டினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. எதனால் ஆனது என்று வழக்கம்போல ஒருவரும் கேட்கவில்லை.

"அடுத்த வருஷமும் நீர்தான் போகவேணும் சோதி," என்றார் விவேகானந்தன். "உமக்குத்தான் இப்ப வழி எல்லாம் தெரியும்."

"ஹபீல் நானாட்டைக் குடுங்கோ," என்றார் சோதிலிங்கம். அன்று அவர் விளையாடவில்லை. கால் நோகிறது என்றார்.

லீலாதேவி ஊரிலிருந்து வந்து சில நாளில் கலியாணப் படம் தபாலில் வந்தது. தடித்த அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய கடதாசி மூடி. அதைப் பார்க்கத் தெருப் பெண்கள் வந்து குவிந்தார்கள். தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கிற கறுப்பையாவின் பெண்சாதி எல்லோரையும் முந்திக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினாள்.

"பொண்ணு மகாலச்சுமி மாதிரி இருக்கு. மாப்பிளைக்கிப் பக்கத்துல மாலையோட நிக்கிறது யாருங்க? ஒங்க அண்ணனா?"

"ஒரு முறையிலை அண்ணை. கஸ்டம்ஸிலை வேலை."

"நல்லா எடுப்பா நிக்கிறாரு." அவள் படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "நம்ம வீட்டு ஐயாவ எங்கங்க? காணோமே?"

உள்ளறையில் பத்திரிகையின் தாள் திரும்பியது.

"அவர் அண்டைக்குக் கொழும்புக்குப் போனவர்," என்றாள் லீலாதேவி.

"அன்னிக்குமா? என்ன சோலியாம்?"

"பெட்டி எடுக்க."

"எடுத்தாச்சுங்களா?"

"ஓம், எடுத்தாச்சு," என்று சொல்லி, படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கடதாசியால் மூடிவிட்டு, லீலாதேவி கோப்பி வைக்க எழுந்து போனாள்.